வாயைக் கட்டினால் போதுமா?

கேள்வி: குண்டாக இருப்பவர்கள் தைராய்டு, பரம்பரை என்று சொல்லும் சாக்கைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. வாயைக் கட்டி, காலையில் நாலு சுற்று நடந்தால் எடை இறங்காதா? அவரவர் உடம்புக்கு அவரவர்தானே பொறுப்பு?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: பொறுப்பே கிடையாது என்று நான் சொல்லமாட்டேன். என் தட்டில் மூன்றாவது கரண்டி சோறு விழாமல் தடுக்க என் கையால்தான் முடியும். ஆனால் ‘சாக்கு’ என்கிறீர்களே, அந்தச் சொல்லை ஏற்கமாட்டேன்.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் எடை கூடிய பெண்கள் 2015-16இல் 30.9 சதவீதம். 2019-21இல் 40.4 சதவீதம். ஆண்கள் 28.2இலிருந்து 37க்கு வந்துவிட்டார்கள். நாலைந்து வருஷத்துக்குள் இத்தனை லட்சம் பேருக்கு ஒரே நேரத்தில் வாய்க்கட்டுப்பாடு போய்விட்டதா?

பரம்பரையும் கட்டுக்கதை இல்லை. டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்தவர்களை ஆராய்ந்து 1986இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களுடைய பருமன், சோறு போட்டு வளர்த்தவர்களோடு ஒத்துப்போகவில்லை. கூட இருந்து வளர்க்காத, பெற்றவர்களோடுதான் ஒத்துப்போனது. சரி, பரம்பரை நாலு வருஷத்தில் மாறுமா என்று கேட்பீர்கள். மாறாது. சீக்கிரம் எடை போடும் உடம்பு நம்மிடம் முன்பும் இருந்தது. பத்து ரூபாய்ப் பாக்கெட்டில் தெருவுக்குத் தெரு தொங்கும் எண்ணெய்த் தீனியும், நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலையும்தான் பின்னால் வந்து சேர்ந்தன.

‘வாயைக் கட்டினால் இறங்கும்’ என்பது பாதி உண்மை. இறங்கும், ஆனால் உடம்பு விடாது. அமெரிக்காவில் எடை குறைப்புக்கென்றே ஒரு டிவி போட்டி நடந்தது. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துச் சோதித்தார்கள். சராசரியாக 58 கிலோ குறைத்தவர்களுக்கு 41 கிலோ திரும்ப ஏறியிருந்தது. அதைவிடக் கொடுமை, சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு எரிக்கும் சக்தி, அந்த எடைக்கு எரிக்க வேண்டியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைந்து போயிருந்தது. அவ்வளவு பாடுபட்டவர்களையா மனவுறுதி இல்லாதவர்கள் என்பது?

என் அண்ணியைப் பற்றிச் சொல்கிறேன். முட்டி வலி என்று ஒரு டாக்டரிடம் போனார். முட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், “முதல்ல எடையைக் குறைங்கம்மா” என்று அனுப்பிவிட்டார். ஒரு வருஷம் கழித்து வேறொருவர் ரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்த்தபோதுதான் முடக்குவாதம் என்று தெரிந்தது. அதற்குக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையில் எடை இன்னும் ஏறியது. முகம் உப்பிப் போனது.

சாப்பாடா? ராத்திரி பத்து மணிக்கு, எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, பிள்ளைகள் மிச்சம் வைத்த தோசையையும் தட்டின் ஓரத்துத் தயிர்சோற்றையும் வீணாக்க மனசில்லாமல் சிங்க் பக்கத்தில் நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வார். அதுதான் அவருடைய ராத்திரிச் சாப்பாடு. வாயைக் கட்டச் சொல்லும் நீங்களும் நானும் அந்த நேரத்தில் படுத்திருப்போம்.

இரண்டு வருஷமாக அவர் எந்தக் கல்யாணத்துக்கும் வருவதில்லை. ஏன் அண்ணி என்று கேட்டேன். “பந்தியில உட்கார்ந்தா எல்லாரும் என் இலையையே பார்க்கறாங்க தம்பி” என்றார்.