எழுத்தாளர் கடிதங்கள், கையெழுத்துப் படிகள்: கேள்வி பதில்

இருபது வருடமாக நூலக ஆவணப் பிரிவில் பழைய தாள்களைப் பராமரித்து வருகிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: அப்பாவுக்கு ஓர் எழுத்தாளர் எழுதிய இன்லேண்ட் கடிதங்கள் மடிப்பில் கிழிகின்றன. லேமினேட் செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. செல்லோடேப்பும் கூடாது, அதன் பசை பழுப்பேறி எழுத்துக்குள் இறங்கிவிடும். கடிதத்தை விரித்து, அமிலம் இல்லாத தாளில் செய்த உறையில் தனித்தனியாக வையுங்கள். ஜெம் கிளிப், ஸ்டேப்ளர் பின் இருந்தால் மெதுவாக எடுத்துவிடுங்கள், துரு தாளை அரித்துவிடும். இன்லேண்டில் இடம் போதாமல் ஒட்டும் மடிப்பின் ஓரம்வரை நெருக்கி எழுதியிருப்பார்கள். பிரிக்கும்போது கிழிந்த துண்டுகளையும் எறியாதீர்கள், அவற்றில் அரை வாக்கியம் இருக்கும்.

கேள்வி: கடிதத்தில் ‘விரோதி வருடம் ஆடி மாதம்’ என்று மட்டும் இருக்கிறது. எந்த ஆண்டு?

பதில்: அறுபது வருடச் சுற்று என்பதால் 1889 ஆகவும் இருக்கலாம், 1949 ஆகவும் இருக்கலாம். உறையைப் பாருங்கள். தபால் தலையில் விக்டோரியா ராணி என்றால் 1889, ஆறாம் ஜார்ஜ் என்றால் 1949. அஞ்சல் முத்திரை தெளிவாக இருந்தால் தேதியே கிடைத்துவிடும். ஒருமுறை என்னிடம் வந்த ஒரு கடிதக் கட்டில், வீட்டுப் பையன் ஸ்டாம்ப் ஆல்பத்துக்காக எல்லாத் தலைகளையும் வெட்டி எடுத்திருந்தான். முத்திரையில் பாதி அவற்றோடு போய்விட்டது. ‘வியாழன்’ என்று மட்டும் போட்ட எட்டுக் கடிதங்களை இன்றுவரை வரிசைப்படுத்த முடியவில்லை. உறையும் கடிதத்தின் பகுதிதான், தயவுசெய்து பிரிக்காதீர்கள்.

கேள்வி: உ.வே.சா.வுக்கு வந்த கடிதங்கள் எங்கே இருக்கின்றன?

பதில்: சென்னை பெசன்ட் நகரில், அவர் பெயரிலுள்ள நூல்நிலையத்தில். அவர் 1942-இல் மறைந்தார். அடுத்த ஆண்டே ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியில் அது தொடங்கப்பட்டது. சுவடிகளைத் தேடியவர் தமக்கு வந்த கடிதங்களையும் பத்திரப்படுத்தியிருக்கிறார். 1887-இல் சீவக சிந்தாமணி வெளிவந்த பிறகு பாரிஸிலிருந்து பிரெஞ்சுத் தமிழறிஞர் சூலியன் வின்சோன் தமிழிலேயே எழுதினார், ஜி.யு. போப்பும் எழுதினார். ஒரு பதிப்பு எப்படி உருவானது என்பது அச்சான புத்தகத்தில் தெரியாது. ஏடு யார் வீட்டில் இருந்தது, எந்தச் சொல்லில் சந்தேகம், பணத்துக்கு என்ன செய்தார் என்பதெல்லாம் இப்படிப்பட்ட கடிதங்களில்தான் கிடைக்கும். எனக்கு இவை நூலுக்குச் சமம்.

கேள்வி: பழைய பத்திரிகை இதழ்கள் வேண்டும்.

பதில்: தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு வந்த கடிதம் என்னுடையதுதானே? புத்தகமாகப் போட்டால் யார் கேட்பது?

பதில்: தாள் உங்களுடையது. எழுத்து எழுதியவருடையது, அவருக்குப் பின் அவருடைய வாரிசுகளுடையது. அனுமதி வேண்டும்.

கேள்வி (அதே வாசகர்): இறந்து 60 ஆண்டு ஆனால் உரிமை முடிந்துவிடும் என்பார்களே!

பதில்: உயிரோடு இருக்கும்போதே அச்சான படைப்புக்கு அது சரி. மறைவுக்குப் பிறகு முதன்முதலாக அச்சாகும் கடிதத்துக்கு, அச்சான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு. பலர் இங்கேதான் தவறுகிறார்கள்.

கேள்வி (வேறொருவர்): மனைவிக்கு எழுதியதை ஊர் படிக்கலாமா? அது அநியாயம் இல்லையா?

பதில்: புதுமைப்பித்தன் தம் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் அச்சாகியிருக்கின்றன. அவை இல்லாமல் அவருடைய வறுமையையும் அன்பையும் நாம் இவ்வளவு அருகில் பார்த்திருக்க முடியாது. ஆனால் உங்கள் தயக்கமும் நியாயமானது. அதனால், ‘இத்தனை ஆண்டு யாருக்கும் காட்டக் கூடாது’ என்று நூலகத்திடம் எழுதி வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். எரிக்க மட்டும் வேண்டாம்.

கேள்வி: கவிதை நோட்டை லேமினேட் செய்தால் நீண்ட நாள் வருமா?

பதில்: வராது. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: மெல்லிய பிளாஸ்டிக்கில் லேமினேட் செய்தால்?

பதில்: எந்தப் பிளாஸ்டிக்கிலும் கூடாது. இந்த வாரம் இது மூன்றாவது தடவை.

கேள்வி: நூலகத்துக்குக் கொடுக்க முடிவு செய்துவிட்டோம். முதலில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: கட்டை அவிழ்த்து அடுக்காதீர்கள். அப்பா வைத்திருந்த வரிசையிலேயே ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, எண் போட்டுத் தனித்தாளில் பட்டியல் எழுதுங்கள். கடிதத்தில் குறிப்பு அவசியம் என்றால் பென்சிலில் மட்டும். ஒப்படைக்கும்போது பட்டியலின் ஒரு நகலில் நூலகரின் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.