வல்லூறுக்குக் காடை வளர்ப்பு: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, கோழி நெஞ்சுக்கறி சுலபமாகக் கிடைக்கிறது. எதற்கு மெனக்கெட்டுக் காடை வளர்க்க வேண்டும்?

வெறும் சதையில் பாஸ்பரஸ் நிறைய, சுண்ணாம்புச்சத்து கிட்டத்தட்ட இல்லை. வளரும் வல்லூறுக் குஞ்சுக்கு அதையே ஊட்டினால் எலும்பு மெலிந்து கால் வளைந்துவிடும். எலும்பு, ஈரல், இறகு எல்லாம் சேர்ந்த முழுக் காடைதான் அதற்குச் சாப்பாடு. இறகும் செரிக்காத மிச்சமும் உருண்டையாகச் சேர்ந்து மறுநாள் காலை வாய்வழியே வெளியே வரும். அதைப் பார்க்காமல் நான் அடுத்த தீனி வைப்பதில்லை. இறுக்கமாக, நாற்றமில்லாமல் இருந்தால் நிம்மதி.

கேள்வி: காடைக்கு என்ன தீவனம்? கோழித் தீவனமே போதுமா?

முட்டைக்கோழித் தீவனம் குஞ்சுக்குப் போதாது. முதல் 3 வாரம் புரதம் 24 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. வான்கோழிக் குஞ்சுத் தீவனம் நன்றாகப் பொருந்தும், துகள் பெரிதாக இருந்தால் பொடித்துப் போடுங்கள். மருந்து கலந்த தீவனமா என்று பையைப் படித்துப் பாருங்கள். மருந்து இருந்தால், அறுப்பதற்கு முன் அதில் சொன்ன நாட்கள்வரை மருந்தில்லாத தீவனத்துக்கு மாற்றுங்கள். கடைசி வாரங்களில் வைட்டமின் ஈ சேர்த்துக் கொடுத்தால் அது காடையின் உடம்பில் தங்கி வல்லூறுக்குப் போய்ச் சேரும். மலிவு என்று பழைய, பூஞ்சை பிடித்த தீவனத்தை மட்டும் வாங்காதீர்கள்.

கேள்வி: காடைக் குஞ்சுகள் தண்ணீர்த் தட்டில் விழுந்து சாகின்றன.

தட்டில் கூழாங்கல் நிரப்புங்கள். ஒரு வாரம் கழித்து எடுத்துவிடலாம்.

கேள்வி: எந்த வயதில் அறுப்பது? முட்டையிட்டு ஓய்ந்த பெட்டைகளைப் பயன்படுத்தலாமா?

6, 7 வாரத்தில் எடுப்பது நல்லது. சாதாரண நிறக் காடை என்றால் 3 வாரத்திலேயே ஆண் பெண் தெரிந்துவிடும்: ஆணுக்கு நெஞ்சு செம்பழுப்பு, பெண்ணுக்குப் புள்ளி. ஆண்களைத் தீனிக்கு ஒதுக்கிவிடுவேன். கிழட்டுப் பெட்டையில் கொழுப்பு அதிகம். வல்லூறின் எடை பார்த்துப் பறக்கவிடுகிறவருக்கு அது தலைவலி: தராசில் அதே கிராம்தான் காட்டும், ஆனால் பறவைக்குப் பசி வராது, கூப்பிட்டால் கைக்கு வராது. கூண்டிலேயே இருக்கும் பறவைக்கு எப்போதாவது கொடுக்கலாம், கொழுப்பைக் கிள்ளிவிட்டு.

கேள்வி: அறுத்து ஃப்ரீசரில் வைக்கும்போது எதில் தவறு நடக்கிறது சார்?

பெரும்பாலும் இங்கேதான். ஆரம்பத்தில் ஒரு நாள் 40 காடையை ஒன்றாகச் செய்து, சூடு ஆறுவதற்குள் ஒரே பையில் திணித்து ஃப்ரீசரில் போட்டேன். ஓரத்தில் இருந்தவை கல்லாகிவிட்டன. நடுவில் இருந்தவை ஒன்றுக்கொன்று போர்வையாகி வெதுவெதுப்பாகவே கிடந்திருக்கின்றன. ஒரு வாரம் கழித்து உருக்கினால் வயிற்றுப் பக்கம் பச்சை, மூக்கில் ஏறும் வாடை. என் வல்லூறு அதைக் காலால் பிடித்து, ஒரு முறை கொத்தி, தலையை உதறிவிட்டு என்னைப் பார்த்தது. மொத்தத்தையும் புதைத்தேன்.

இப்போது செய்வது இதுதான். முந்தைய இரவே தீவனத்தை எடுத்துவிடுவேன், தண்ணீர் மட்டும் இருக்கும். தீனிப்பையும் குடலும் காலியாகும். கழுத்தெலும்பை விலக்கி நொடியில் முடிப்பேன். பழகியவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள், எழுத்தில் படித்துச் செய்யும் வேலையல்ல அது. அப்புறம் தட்டில் ஒற்றை வரிசையாகப் பரப்பி ஆறவைத்து, அப்படியே உறையவைத்து, கல்லான பிறகுதான் பையில் போட்டுக் காற்றை எடுத்துத் தேதி எழுதுவேன். 3 மாதத்துக்குமேல் வைப்பதில்லை. உறைந்திருந்தாலும் கொழுப்பு காறும், வைட்டமின் ஈயும் குறையும்.

கேள்வி: அவசரத்துக்கு வெந்நீரில் போட்டு உருக்கலாமா?

வேண்டாம். வெளியே வெந்து உள்ளே பனிக்கட்டியாகவே இருக்கும். முந்தைய இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். நெஞ்செலும்புக்கு அடியில் விரல் விட்டுப் பாருங்கள், அங்கே குளிர்ந்து கெட்டியாக இருந்தால் இன்னும் நேரமாகவில்லை. உருக்கியதைத் திரும்ப உறையவைக்கக் கூடாது.

கேள்வி: கூண்டில் தானாகச் செத்த காடையை வீணாக்காமல் கொடுக்கலாமா?

கூடாது. எதனால் செத்தது என்று உங்களுக்குத் தெரியாது. உறையவைத்தாலும் சால்மொனெல்லாவோ பறவைக் காய்ச்சல் கிருமியோ சாகாது. துப்பாக்கியால் சுட்ட பறவையும் அப்படியே: ஒரே ஒரு ஈயக் குண்டு வயிற்றில் போனாலும் வல்லூறு செத்துப்போகலாம்.

கேள்வி: என்னிடம் ஒரே ஒரு பொரி வல்லூறு (பெரிக்ரின் ஃபால்கன்). எத்தனை காடை வைத்தால் போதும்?

நாளுக்கு ஒரு காடை என்று வையுங்கள். பெரிய காடையாக இருந்தால் கொஞ்சம் மிஞ்சும். 4 பெட்டைக்கு 1 ஆண், தினம் 14 மணி நேரத்துக்குமேல் வெளிச்சம் இருந்தால் வாரத்துக்கு 20 முட்டையாவது கிடைக்கும். 17, 18 நாளில் பொரியும். பாதி பொரிந்தாலே உங்கள் கணக்குச் சரியாகிவிடும். வருடத்துக்கு ஒருமுறை ஆணை மட்டும் வெளியிலிருந்து மாற்றுங்கள். இல்லையென்றால் பொரிப்பு குறைந்துகொண்டே வரும். புது ஆணை இரண்டு மூன்று வாரம் தனியாக வைத்துவிட்டுச் சேருங்கள்.