முதலில் அளவு நாடா, பிறகு மைக்ரோவேவ்

கிளிநொச்சியில் 14 வருடங்களாக வீடுகளுக்கு வயரிங் வேலை செய்கிறேன். தச்சு வேலை செய்யும் மைத்துனருடன் சேர்ந்து குசினி அலுமாரிகளும் பொருத்துகிறேன். அலுமாரிக்குள் பொருத்தும் மைக்ரோவேவ் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். விலை கேட்டவர்கள் மன்னிக்கவும். நான் எழுதி முடிப்பதற்குள் அது மாறிவிடும்.

பரந்தனிலிருந்து: அண்ணா, மேசையில் வைக்கும் சாதாரண மைக்ரோவேவை அலுமாரிக்குள் தள்ளி வைத்தால் போதாதா? பில்ட்-இன் என்று தனியாக ஏன் வாங்க வேண்டும்?

சூடாக்கும் விதத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டிலும் மக்னட்ரோன் என்ற பாகம்தான் 2,450 மெகாஹேர்ட்ஸ் அலையை உண்டாக்குகிறது. வேறுபடுவது மூச்சு விடும் வழி. மேசை வகை தன் வெப்பத்தைப் பக்கங்களாலும் முதுகாலும் தலையாலும் வெளியே தள்ளும். நான்கு பக்கமும் பலகை இருந்தால் தள்ளிய வெப்பத்தையே திரும்ப உறிஞ்சும். பொருத்தும் வகையில் காற்று எங்கே நுழைய வேண்டும், எங்கே வெளியேற வேண்டும் என்பது அதன் அமைப்பிலேயே தீர்மானிக்கப்பட்டிருக்கும்.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. தொடங்கிய காலத்தில் ஒரு வீட்டில் அழகாக இருக்கட்டும் என்று அலுமாரியின் பின்பக்கத்தையும் பலகையால் அடைத்துவிட்டேன். பத்து நிமிடம் ஓடியதும் மெசின் தானாக நிற்கும், அரை மணி நேரம் கழித்துத் தானாக உயிர் பெறும். வீட்டுக்கார அம்மா கடையைத் திட்டினார், கடைக்காரர் மின்சாரத்தைத் திட்டினார். மூன்றாம் முறை போனபோதுதான் அலுமாரிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். வெதுப்பகத்துப் போறணைக்குள் விட்டது போலிருந்தது. பின்பலகையைக் கழற்றியதும் வியாதி தீர்ந்தது. பிழை என்னுடையது. அன்றிலிருந்து மெசின் இருக்கும் தட்டுக்குப் பின்பலகை போடுவதில்லை; சுவருக்கும் அலுமாரிக்கும் நடுவே குறைந்தது 5 சென்ரிமீற்றர் விடுகிறேன்.

மேசை வகையைத்தான் வைக்கப்போகிறீர்கள் என்றால், முன்பக்கம் திறந்த அகலமான தட்டில் வையுங்கள். எந்தப் பக்கம் எவ்வளவு இடைவெளி என்று அதனுடன் வரும் கைநூலில் எழுதியிருக்கும். அந்தக் கைநூலை அடுப்பு மூட்டுவதற்குக் கிழிக்காதீர்கள்.

வவுனியாவிலிருந்து: குசினி வேலை நடக்கிறது. மேசனுக்கு என்ன அளவு சொல்வது?

மெசினைத் தெரிவு செய்யாமல் மேசனுக்கு அளவு சொல்லாதீர்கள். பெரும்பாலானவை 60 சென்ரிமீற்றர் அகல அலுமாரிக்கென்று செய்யப்பட்டவை. உள் அகலம் 56 சென்ரிமீற்றரை அண்டியிருக்கும். உயரம் சிறிய வகைக்கு ஏறத்தாழ 38, கேக் சுடும் வெதுப்பியும் சேர்ந்த வகைக்கு 45. ஆழம்தான் ஏமாற்றும். மேல் அலுமாரிக்கென்று வரும் மெலிந்த வகைக்கு 30 சென்ரிமீற்றர் போதும், மற்றவை 55 கேட்கும். ஆகவே மாதிரியின் வரைபடத்தைப் பார்த்து மில்லிமீற்றரில் எழுதிக் கொடுங்கள்.

நம் பக்கத்தில் பல குசினிகளில் அலுமாரி என்பது கல்லால் கட்டி மேலே கொங்கிறீற் தட்டுப் போட்டதுதான். அதில் ஒரு பொறி உண்டு. மேசன் கல்லுக்குக் கல் 56 விட்டுக் கட்டுவார்; பூச்சும் டைல்ஸும் ஏறியபின் பக்கத்துக்கு ஒன்றரை, இரண்டு சென்ரிமீற்றர் போய்விடும். பிறகு கிரைண்டரோடு என்னைக் கூப்பிடுவீர்கள். முடிந்த அளவு 56 வர வேண்டும் என்று சொல்லுங்கள். முன்னால், நடுவில், பின்னால் என மூன்று இடத்தில் அளந்து, இரு மூலைவிட்டங்களும் சமமா என்றும் பாருங்கள்.

1947 அளவில் வெளிவந்த முதல் மைக்ரோவேவ் ஆள் உயரம், ஏறத்தாழ 340 கிலோ. அந்தக் காலத்து மேசனிடம் அலுமாரி அல்ல, அத்திவாரமே கேட்டிருக்க வேண்டும்.

புதுக்குடியிருப்பிலிருந்து: கனடாவில் இருக்கும் அக்கா தன் வீட்டில் கழற்றிய நல்ல மைக்ரோவேவைக் கப்பலில் அனுப்புகிறேன் என்கிறார். வேண்டாம் என்று சொல்ல மனமில்லை.

தங்கை, வேண்டாம் என்றே சொல்லுங்கள். அக்காவின் மனம் நோகாமல் சொல்வதற்குக் காரணங்கள் தருகிறேன். அங்கே 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 துடிப்பு. இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். நேரே செருகினால் அன்றோடு முடிந்தது. வோல்ட்டைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். அது வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹேர்ட்ஸை மாற்றாது. 60க்குச் செய்த உள் ட்ரான்ஸ்போமர் 50இல் ஓடும்போது அளவுக்கு மேல் சூடாகும். மின்சாரத்தின் துடிப்பை எண்ணி நேரம் காட்டும் கடிகாரமாக இருந்தால் மணிக்குப் பத்து நிமிடம் பிந்தியே ஓடும். ஐந்து நிமிடம் வைத்தால் ஆறு நிமிடம் சுற்றும்.

இன்னொன்று: அங்கே அடுப்புக்கு மேல் பொருத்தும் வகை 30 அங்குலம், அதாவது 76 சென்ரிமீற்றர் அகலம். நம் 60 சென்ரிமீற்றர் அலுமாரிக்குள் அது எந்த வித்தையாலும் நுழையாது. லண்டன் அண்ணன் அனுப்புகிறார் என்றால் கதை வேறு. அங்கே வோல்ட்டும் ஹேர்ட்ஸும் நம்முடையவை போன்றவைதான், பிளக்கும் இங்கே நியமமாக்கப்பட்ட 13 அம்பியர் சதுர முள் பிளக்தான்.

அக்காவிடம் கப்பல் கூலியை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். இங்கே ஒரு மைக்ரோவேவின் பாதி விலை அதிலேயே வந்துவிடும்.

மல்லாவியிலிருந்து: எங்கள் வீடு லைனின் கடைசி. மாலையில் விளக்கே மங்குகிறது. மைக்ரோவேவ் தாங்குமா? வயரிங்கில் என்ன செய்ய வேண்டும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். கடைக்காரர்கள் சொல்லும் 800 வாட், 900 வாட் என்பது உணவுக்குள் போவது. சுவரிலிருந்து இழுப்பது அதைவிட அதிகம், ஏறத்தாழ 1,200 முதல் 1,500 வாட் வரை. வெதுப்பியும் சேர்ந்த பெரிய வகை 3,000 வாட்டையும் தாண்டும். 13 அம்பியர் பிளக் கொடுக்கக்கூடியது 2,990 வாட். ஆகவே பெரிய வகைக்குப் பிளக்கே கூடாது. தனி வயர், தனி பிரேக்கர், நிலையான இணைப்பு. சிறிய வகைக்கும் 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் தனி வழி இழுப்பதையே நான் விரும்புவேன். விளக்குக்கு இழுத்த வயரிலிருந்து கிளை எடுத்துத் தரும் ஆளை வீட்டுக்குள் விடாதீர்கள். எர்த் இருக்கிறதா, மின்சாரம் கசிந்தால் தானாக நிறுத்தும் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று பாருங்கள்.

வீட்டுக்கு வரும் இணைப்பு 30 அம்பியர் என்றால் மொத்தம் 6,900 வாட். கேத்திலும் மைக்ரோவேவும் ஸ்திரிக்கைப்பெட்டியும் சேர்ந்து ஓடும்போது கிணற்று மோட்டரையும் போட்டால் என்ன நடக்கும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். மோட்டர் கிளம்பும் கணத்தில் இழுப்பது அதன் வழமையைவிடப் பல மடங்கு.

வோல்ட் குறைந்தால் மைக்ரோவேவ் பழுதாவதற்கு முன் சோம்பேறியாகும். சோறு சூடாகவில்லை என்று இரட்டிப்பு நேரம் வைப்பீர்கள். மாலை 7 மணிக்கு மீற்றர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 200க்குக் கீழே நின்றால் உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். அதுவரை வோல்ட்டைச் சீராக வைக்கும் 3 கேவிஏ அளவிலான ஸ்டெபிலைசர் உதவும்.

கடைசியாக, பிளக் பொயின்ட்டை மெசினுக்குப் பின்னால் வைக்காதீர்கள். பக்கத்து அலுமாரிக்குள் வையுங்கள். ஐப்பசியில் வானம் இடிக்கத் தொடங்கியதும் பிளக்கைக் கழற்ற வேண்டும். ஏறத்தாழ 20 கிலோ மெசினை இழுத்து வெளியே எடுக்கும்வரை மின்னல் காத்திருக்காது.

ஒட்டுசுட்டானிலிருந்து: கறையான், எறும்பு, பல்லி. மூன்றும் எங்கள் வீட்டில் வாடகையில்லாமல் இருக்கின்றன.

கறையானுக்கு: நிற்கும் அலுமாரி தரையைத் தொடக் கூடாது. சீமெந்தில் நான்கு அங்குல மேடை கட்டி அதன்மேல் நிறுத்துங்கள். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎப் பலகை கறையானுக்கு முன் மாரி ஈரத்திலேயே ஊதிவிடும். முதிரையோ தேக்கோ கிடைத்தால் சட்டத்துக்காவது அதைப் போடுங்கள்.

பல்லிதான் உண்மையான வில்லன். சூடான இடம் தேடிப் போய் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையின் மேல் படுத்து, தானும் செத்து மெசினையும் கொல்லும். அலுமாரியின் காற்றுவழிக்கு மெல்லிய கம்பி வலை அடியுங்கள். மெசினின் சொந்தத் துளைகளை அடைக்காதீர்கள். வலையில் சேரும் தூசியை மாதம் ஒருமுறை தட்டுங்கள். செம்மண் வீதியோரம் வீடு என்றால் இருமுறை.

எறும்பை உள்ளே வைத்து ஓட்டினால் சாகும் என்று நினைக்க வேண்டாம். அலை எல்லா இடத்திலும் ஒரே அளவாக விழுவதில்லை. அது குளிர்ந்த இடம் பார்த்து நடந்து போய்விடும். வெறும் மெசினை ஓட்டுவதால் கெடுவது மக்னட்ரோன்தான்.

முல்லைத்தீவிலிருந்து: சாதாரணமா, கிரில்லா, வெதுப்பியும் சேர்ந்ததா? பிறந்தநாள் கேக் செய்து விற்கிறேன்.

விற்கிறீர்கள் என்றால் வெதுப்பி சேர்ந்த 40 லீற்றருக்கு மேற்பட்ட வகை. உங்கள் கேக் தட்டைக் கடைக்கே கொண்டுபோய் உள்ளே வைத்துப் பாருங்கள். சுழலும் தட்டுள்ள வகையில் சதுரத் தட்டு மூலையில் இடிக்கும், தட்டையான அடி உள்ள வகையில் இடிக்காது. துப்புரவுத் தொந்தரவும் குறைவு: குழம்பு கொட்டினால் ஒரே துடைப்பு.

விற்காதவர்களுக்கு 20 முதல் 25 லீற்றர் சாதாரண வகை தாராளம். கிரில்லுக்குக் கூடுதல் காசு கொடுத்தவர்களில் அதை இரண்டாம் மாதத்துக்குப் பிறகும் பயன்படுத்துபவரை நான் இன்னும் காணவில்லை. அதைவிட, சக்தியைக் குறைக்கும் வசதி நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். முழுச் சக்தியில் வைத்தால் சொதி திரைந்துவிடும். பாதிச் சக்தியில் வைத்து நடுவே ஒருமுறை கலக்க வேண்டும். நாயாற்றுக் களப்பு இறாலைப் பனி உருக்கும்போதும் அப்படித்தான், இல்லையென்றால் ஓரம் வெந்து நடு கல்லாக இருக்கும். இடியப்பத்துக்கும் புட்டுக்கும் தண்ணீர் தெளித்து மூடி வையுங்கள்.

செட்டிகுளத்திலிருந்து: மின்வெட்டு நேரத்தில் பற்றரி இன்வேட்டரில் ஓட்டலாமா?

2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் நின்ற நினைவில் கேட்கிறீர்கள், புரிகிறது. சுவர் மின்சாரத்தைப் போலச் சீராக ஏறி இறங்கும் தூய சைன் அலை தரும் இன்வேட்டர் 2,000 வாட்டுக்கு மேல் என்றால் ஓடும், பற்றரி விரைவில் இறங்கும். மலிவான சதுர அலை இன்வேட்டரில் மெசின் உறுமும், சரியாகச் சூடாக்காது.

நெடுங்கேணியிலிருந்து: விறகடுப்பும் அதே குசினியில்தான். எங்கே, எவ்வளவு உயரத்தில் வைப்பது?

அடுப்புக்கு நேர் எதிர்ச் சுவரில், புகை போகும் வழியை விட்டு விலகி. கரியும் எண்ணெய்ப் புகையும் விசிறியில் ஒட்டினால் பசை மாதிரி. உயரத்துக்கு, வீட்டில் ஆகக் குள்ளமானவரின் தோளைக் கணக்கிடுங்கள். உள்ளே இருக்கும் தட்டு அதற்கு மேலே போகக் கூடாது. கொதிக்கும் குழம்பைத் தலைக்கு மேலிருந்து இறக்கிச் சுட்டுக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் இடப்பக்கக் கீல். இடப்பக்கம் சுவர் இருந்தால் கதவு முழுதாகத் திறக்குமா என்று அளந்துகொள்ளுங்கள்.

மாங்குளத்திலிருந்து: அம்மம்மா கதிர்வீச்சு என்று பயப்படுகிறார்.

கதவுக் கண்ணாடியில் தெரியும் வலையை அவருக்குக் காட்டுங்கள். அலையின் நீளம் 12 சென்ரிமீற்றர், வலைக்கண் ஊசிமுனை. மாடு புகாத வேலி போல. கதவு திறந்த கணமே அலை நின்றுவிடும், உணவில் எதுவும் தங்காது. ஆனால் கதவு வளைந்திருந்தாலும் கீல் ஆடினாலும் ஓட்டாதீர்கள். கைப்பேசியை உள்ளே வைத்து மணி அடிக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் சோதனையல்ல.

பயப்பட வேண்டிய இடம் வேறு. மெசினின் மூடியைக் கழற்றினால் உள்ளே இருக்கும் கப்பாசிற்றர், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும். தம்பிமார் யூடியூப் பார்த்துக் கழற்ற வேண்டாம். நானே அதைத் திறப்பதில்லை, பயிற்சி பெற்றவரிடம் அனுப்புகிறேன்.

விசுவமடுவிலிருந்து: நானும் மனைவியும் மட்டும். ஓய்வூதியர்கள். மகன் பொருத்தும் மைக்ரோவேவ் வாங்கித் தருகிறான். மின் கட்டணம் கூடுமா ஐயா?

என்னை ஐயா என்று அழைக்க வேண்டாம், ஐயா. நாளுக்குப் பத்து நிமிடம் ஓடினால் மாதம் ஏழு அலகு அளவில் வரும். இப்போது 60 அலகுக்குள் கட்டுகிறீர்கள் என்றால் அந்த ஏழு உங்களை எல்லை தாண்ட வைக்கலாம், அங்கே வீதமே வேறு. பழைய பட்டியலை எடுத்துப் பாருங்கள்.

ஆனால் இரண்டு பேருக்குச் சுவரை வெட்டி மெசின் பொருத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை, வேலை எனக்கே வரும் என்றாலும். பழுதானால் கழற்றவும் ஆள் வேண்டும், பிறகு அதே அளவில் இன்னொன்று தேடவும் வேண்டும். 20 லீற்றர் மேசை வகை ஒன்றை ஜன்னலோரம் இடுப்பு உயரத் தட்டில் வையுங்கள். மீதிக் காசை மகன் கிணற்று மோட்டருக்கு நல்ல ஸ்ராட்டர் போடக் கொடுக்கட்டும். போன மாதம் வந்தபோது பார்த்தேன், அது உறுமுகிறது.