பாய்லரை மாற்றும் முன் பரணில் ஏறிப் பாருங்கள்

கேள்வி: எங்களுடையது பழைய இரண்டடுக்கு வீடு. குளிர்கால எரிவாயுக் கட்டணம் ஆண்டுதோறும் கழுத்தை நெரிக்கிறது. வீட்டைச் சூடாக்கும் எரிவாயு பாய்லருக்கு 15 வயதாகிறது, ஆனால் பழுதில்லாமல் ஓடுகிறது. புதிய பாய்லரும் ஜன்னல்களும் தவணையில் போட்டுத் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. மிச்சமாகும் கட்டணத்திலேயே தவணையை அடைத்துவிடலாமாம். வங்கியில் கொஞ்சம் வைப்புத்தொகை இருக்கிறது. அதை எடுப்பதா, தவணைக்குப் போவதா? இன்னும் 8 ஆண்டுகளாவது இங்கேதான் இருப்போம். வயதான அம்மா எங்களோடு இருக்கிறார்.

பதில்: பாய்லருக்கும் ஜன்னலுக்கும் இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். தவணைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒரு செலவை அதனால் ஆண்டுக்கு மிச்சமாகும் தொகையால் வகுத்துப் பாருங்கள். 4 வந்தால், போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு 25 சதவீதம் கிடைப்பதாகப் பொருள். எந்த வங்கியும் அதைத் தராது. 25 வந்தால் கிடைப்பது வெறும் 4 சதவீதம். அதற்கு 8 சதவீத வட்டியில் கடன் வாங்கினால் ஆண்டுதோறும் நஷ்டம்தான். கூரைக்குக் கீழே உள்ள பரணில் வெப்பக்காப்பு போடுவதும் காற்றுக் கசிவை அடைப்பதும் பெரும்பாலும் முதல் வகையில் வரும். நன்றாக இருக்கும் ஜன்னல்களைக் கட்டணத்துக்காக மட்டும் மாற்றுவது இரண்டாம் வகை. 8 ஆண்டுகளில் அந்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குகூடத் திரும்பாது.

பாய்லரை ஏன் தள்ளிப்போடச் சொல்கிறேன்? உங்கள் ஆண்டுக் கட்டணத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். 80 சதவீதத் திறனுள்ள பாய்லரை எடுத்துவிட்டு 92 சதவீதத் திறனுள்ளதைப் போட்டால் சுமார் 13 மிச்சம். முதலில் வெப்ப இழப்பைக் குறைத்துக் கட்டணத்தை 80க்குக் கொண்டுவந்துவிட்டால், அதே பாய்லர் மிச்சப்படுத்துவது சுமார் 10தான். தேவை குறைவதால் சிறிய பாய்லரே போதுமானதாகிவிடும். இன்றே வாங்கினால், ஓட்டை வீட்டுக்கு அளவெடுத்த பெரிய பாய்லருக்குப் பல ஆண்டுகள் தவணை கட்டுவீர்கள். இதை விற்பனையாளர் உங்களிடம் சொல்ல மாட்டார்.

ஆகவே முதல் வேலை பரணில். சூடான காற்று மேலே ஏறிக் கூரை இடுக்குகள் வழியாக வெளியேறுகிறது. அது போன இடத்தை நிரப்பக் கீழ்த்தளத்து இடுக்குகள் குளிர்காற்றை இழுத்துக்கொள்கின்றன. மேலே அடைத்தால் கீழேயும் குளிர் குறைவது இதனால்தான். பரணில் விரித்திருக்கும் கண்ணாடியிழைப் பஞ்சை ஒரு கை அளவு தூக்கிப் பாருங்கள். அடியில் கறுத்த தூசித் திட்டுகள் இருந்தால் அங்கே காற்று கசிகிறது. அந்த இடத்தை அடைத்த பிறகே மேலே கனமான பஞ்சை விரிக்க வேண்டும். வெறும் பஞ்சு காற்றைத் தடுக்காது, வடிகட்டித்தான் அனுப்பும். பரணுக்கு ஏறும் கதவின் முதுகுப்பக்கத்திலும் பஞ்சு வைக்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் மறக்காதீர்கள்.

காற்று பலமாக வீசும் நாளில் ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி, ஜன்னல் சட்டம், கதவடி, சுவரும் தரையும் சேரும் மூலை, குழாய் நுழையும் துளை எல்லாவற்றின் அருகிலும் பிடியுங்கள். புகை சட்டென்று வளைந்தால் அங்கே கசிவு. ஒன்றில் மட்டும் கைவைக்காதீர்கள்: எரிவாயுக் கருவிகளுக்காக விட்டிருக்கும் காற்றுத் துளைகளை அடைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். அதற்கான எச்சரிக்கைக் கருவி இல்லையென்றால் மற்ற செலவுகளுக்கு முன் அதை வாங்கிவிடுங்கள்.

காசே செலவில்லாத ஒரு வழியும் உண்டு. உங்களுடையது புகையின் வெப்பத்தையும் பிடித்துப் பயன்படுத்தும் கண்டென்சிங் பாய்லர் என்றால், அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்குப் போகும் நீரின் வெப்பநிலையைப் படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள். திரும்பி வரும் நீர் ஏறக்குறைய 55 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவி குளிர்ந்து தன் வெப்பத்தையும் தரும். பல வீடுகளில் 80 டிகிரியில் வைத்துவிட்டு யாரும் தொடுவதே இல்லை. தனி வெந்நீர்த் தொட்டி இருந்தால், கிருமி வளராமலிருக்க அதை மட்டும் 60 டிகிரிக்குக் குறையாமல் வையுங்கள்.

அம்மாவின் அறையில் சிக்கனம் பார்க்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. முதியவர்களுக்கு அதற்கு மேலும் தேவைப்படலாம். ஆளில்லாத அறைகளில் ரேடியேட்டரைக் குறைத்துவையுங்கள். அம்மாவின் அறைக்குத் தனியாக மின் ஹீட்டர் வாங்குவதானால், அதிக விலைக்கு ஏமாறாதீர்கள். எந்த மின் ஹீட்டரும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும்.

பரண் வேலைக்கு வேண்டியதை மட்டும் வைப்புத்தொகையிலிருந்து எடுங்கள். மீதியைத் தொடாதீர்கள், பழைய பாய்லர் திடீரென்று நின்றுபோனால் அதுதான் கைகொடுக்கும். ஒரு குளிர்காலம் கழித்து, கட்டணத்தை அல்ல, பயன்படுத்திய யூனிட்டுகளை முந்தைய ஆண்டோடு ஒப்பிடுங்கள். எந்த ஆண்டு குளிர் கடுமை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். அப்போதும் பாய்லர் வேண்டுமென்று தோன்றினால், வீட்டின் வெப்ப இழப்பைப் புதிதாகக் கணக்கிட்டு எழுதித் தருபவரிடம் மட்டும் விலை கேளுங்கள். வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் இழுத்துவரும் ஹீட் பம்புக்கும் சேர்த்தே கேளுங்கள். சரியாக அமைந்தால் அது ஒரு யூனிட் மின்சாரத்தில் சுமார் மூன்று யூனிட் வெப்பம் தரும். உங்கள் பகுதியில் மின்சார யூனிட்டின் விலை, அதே அளவு ஆற்றலுள்ள எரிவாயுவின் விலையைப்போல மூன்று மடங்குக்குள் இருந்தால், அந்தக் கணக்கையும் எனக்கு அனுப்பிவையுங்கள், சேர்ந்து பார்ப்போம்.