ஆழம் பழையது, நேரம் புதியது: ஸ்கூபா குறித்துக் கேள்வி பதில்

நான் குளச்சல் கரையைச் சேர்ந்தவன். கேரளத்துக் கோவளத்தில் ஸ்கூபா, அதாவது காற்று உருளையை (சிலிண்டரை) முதுகில் சுமந்து கடலடியில் நீந்துவதைக் கற்பித்து வருகிறேன். தமிழ்நாடு–கேரள எல்லைக்கு இப்புறமிருந்தும் அப்புறமிருந்தும் நம்மவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த அளவில் இங்கே பதிலளிக்கிறேன்.

பாறசாலையிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்: கொற்கையில் முத்துக்குளித்த மரபு நமக்குச் சங்க காலம் முதலே உண்டு. அப்படியிருக்க, கடலடிக்குச் செல்வதை மேல்நாட்டாரின் சாதனையாகப் பேசுவது முறைதானா?

ஐயா, உங்கள் கேள்வியில் பாதிக்கு நான் முழுமனத்தோடு உடன்படுகிறேன். மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி விளைந்த பார்கள் (கடலடிப் பாறைத் திட்டுகள்) பெரும்பாலும் 10 முதல் 20 மீட்டர் ஆழத்தில் இருந்தவை. கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலை ஊன்றி விரைந்து இறங்கிய குளியாளர், ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் கைக்கு அகப்பட்ட சிப்பிகளைப் பையில் வாரிக்கொண்டு, தோணியில் இருந்தவர் இழுக்க மேலே வந்து சேர்ந்தார். இன்று முதல்நிலைச் சான்றிதழ் பெறும் ஸ்கூபா மாணவருக்கு நாங்கள் விதிக்கும் எல்லை 18 மீட்டர்தான். ஆக, ஆழத்தைப் பொறுத்தவரை என் மாணவர்கள் கொற்கையாரைத் தாண்டிவிடவில்லை. அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்திருப்பது நேரம். ஒரு நிமிடம் இருந்த இடத்தில் முக்கால் மணி நேரம் இருக்கலாம். சுறாவை மந்திரத்தால் கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டிகளுக்கு முத்துக்குளிப்பில் பங்கு கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் கடல்கட்டியாலும் ஒரு மூச்சை இரண்டாக்க முடியவில்லை. அதைச் செய்தது கருவி. கருவியைச் செய்தவர்கள் பிறர் என்று ஒப்புக்கொள்வதால் நமக்குக் குறைவேதும் இல்லை.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: அந்தக் கருவியைக் கண்டுபிடித்தவர் யார்? எல்லா இடத்திலும் கூஸ்தோ என்ற பெயரையே பார்க்கிறேன்.

கூஸ்தோவின் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது எனக்குச் சிறிது வருத்தமான செய்திதான். இது பலருடைய கை பட்டு வளர்ந்த கருவி. வால்மீனுக்குப் பெயர் தந்த எட்மண்ட் ஹாலி, 1691இல் பெரிய மணி வடிவக் கூண்டு ஒன்றைக் கடலுக்குள் இறக்கி, எடை கட்டிய பீப்பாய்களில் காற்றை அனுப்பி, அதனுள் மனிதர்களை ஒரு மணி நேரத்துக்கும் மேலாக இருக்கச் செய்தார். கூண்டுக்குள் நேரம் கிடைத்தது, நடமாட்டம் கிடைக்கவில்லை. 1837இல் அகஸ்டஸ் சீபே செய்த செம்புத் தலைக்கவச உடை நடமாட்டத்தைத் தந்தது. ஆனால் மேலே ஒருவர் பம்பு அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், குழாயின் நீளத்துக்கு மேல் நகரவும் முடியாது. 1860களில் ருக்கேரோல், தெனேரூஸ் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள், மூச்சை உள்ளே இழுக்கும்போது மட்டும் காற்றைத் தரும் அமைப்பைச் செய்துவிட்டார்கள். கருத்து சரியாகத்தான் இருந்தது. போதிய காற்றை அடைத்து முதுகில் சுமக்கத்தக்க உறுதியான உருளை அன்று இல்லை. 1933இல் லெ ப்ரியேர் என்ற கடற்படை அதிகாரியிடம் அந்த உருளை இருந்தது. ஆனால் அவர் காற்றைக் கையால் திருகித் திறந்துவிட்டதால், பெரும்பகுதி குமிழியாக வீணாயிற்று.

மீதியை முடித்தவர் எமில் கன்யான் என்ற பொறியாளர். போர்க்காலப் பாரிசில் பெட்ரோல் கிடைக்காமல் கார்களை எரிவாயுவில் ஓட்டியபோது, எஞ்சினுக்குத் தேவையான அளவு வாயுவைத் தானாகவே அளந்து தரும் வால்வு ஒன்றை அவர் செய்திருந்தார். கடற்படை அதிகாரியான கூஸ்தோ அவரைத் தேடிச் சென்று, எஞ்சினுக்குத் தருவதைப் போல மனிதனுக்கும் தர முடியுமா என்று கேட்டார். 1943 தொடக்கத்தில் மார்ன் ஆற்றில் நடந்த சோதனையில், கிடையாக நீந்தும்போது சரியாக வேலை செய்த கருவி, உடலை நிமிர்த்தினால் காற்றைக் கொட்டியது, தலைகீழானால் தர மறுத்தது. மூச்சு வெளியேறும் துளையை வால்வின் மட்டத்துக்கே மாற்றியதும் சிக்கல் தீர்ந்தது. அந்த ஆண்டுக் கோடையில் மத்தியதரைக் கடலில் கூஸ்தோ அதை அணிந்து இறங்கினார். கடலைத் தேடியவர் கூஸ்தோ, வால்வைத் தந்தவர் கன்யான். இன்று நீங்கள் வாயில் கடிக்கும் ரெகுலேட்டர் அந்த வால்வின் நேர் வாரிசு.

இனயத்திலிருந்து ஓர் இளைஞர்: அண்ணா, என் மாமா சிப்பி எடுக்கக் குளிப்பவர். சிலிண்டர் போட்டால் நோய் வரும், மூச்சுப் பிடித்தால் ஒன்றும் வராது என்கிறார். உண்மையா?

தம்பி, மாமா சொல்வது பெரும்பகுதி உண்மை. கன்னியாகுமரி முதல் கொல்லம் வரையிலான பாறைகளில் விளையும் அந்தப் பழுப்புச் சிப்பியை எடுப்பவர்கள், மேலிருந்து கொண்டுபோகும் ஒரே மூச்சுக் காற்றோடு சிறிது நேரமே கீழே இருக்கிறார்கள். சிலிண்டர் அணிந்தவரோ, நீரின் அழுத்தத்துக்கு ஈடான அழுத்தத்தில் தொடர்ந்து காற்றை இழுக்கிறார். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது; 20 மீட்டரில் நாம் இழுப்பது மேலே இழுப்பதைப் போல் மூன்று மடங்கு அடர்த்தியான காற்று. அதிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசைகளிலும் கரைந்து சேர்கிறது. சட்டென்று மேலே வந்தால், கோலி சோடாவைத் திறந்ததைப் போல அது குமிழிகளாகக் கிளம்பி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். மாமா சொல்லும் நோய்க்கு இந்தக் குமிழிதான் காரணம் என்று 1878இல் போல் பேர் என்ற பிரெஞ்சு அறிஞர் விளக்கினார். ஆடுகளை வைத்துச் சோதித்து, எவ்வளவு நேரம் இருந்தால் எப்படி ஏற வேண்டும் என்ற அட்டவணையை 1908இல் வெளியிட்டவர் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் அறிஞர். இன்றும் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறக் கூடாது என்றும், 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க வேண்டும் என்றும் நாங்கள் வற்புறுத்துவது அந்த வழியில் வந்ததே. கூடுதலாகக் கிடைத்த நேரத்துக்கு நாம் கொடுக்கும் விலை அது.

ஆனால் மாமாவிடம் ஒன்றைச் சொல்லுங்கள். இறங்குமுன் வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டுக் குதிப்பவருக்கு, மூச்சுமுட்டும் உணர்வு தாமதமாகவே வரும். மேலே ஏறும் கடைசி சில மீட்டரில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு தப்பலாம். தனியாகக் குளிக்கவே வேண்டாம். படகில் கம்ப்ரசர் வைத்து நீண்ட குழாய் வழியாகக் காற்று வாங்கிச் சங்கு எடுக்கும் முறை தூத்துக்குடிப் பக்கம் உண்டு. அங்கே சிலிண்டருக்குரிய ஆபத்துகள் எல்லாம் இருக்கின்றன, எண்ணெய்ப் புகை கலந்த காற்றும் சேர்ந்துகொள்கிறது. சிலிண்டருக்குரிய பயிற்சி மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை.

களியக்காவிளையிலிருந்து ஒரு தந்தை: 12 வயது மகன், தோட்டத்துக் குழாயை வாயில் வைத்துக் குளத்தின் அடியில் உட்காரலாம் என்கிறான். தடுப்பதா, விடுவதா?

கட்டாயம் தடுத்துவிடுங்கள். ஒரு மீட்டர் ஆழத்திலேயே நீர் நெஞ்சை அழுத்தும் அளவுக்கு எதிராக மேற்பரப்புக் காற்றை இழுத்துக்கொண்டே இருக்க மார்புத் தசைகளால் முடியாது. நீளமான குழாயில் அவன் விட்ட மூச்சே அவனுக்குத் திரும்பியும் வரும். ஆனால் அவன் ஆர்வம் நல்ல ஆர்வம். 10 வயது முதல் சிறுவர்களுக்கான பயிற்சி உண்டு.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: நீச்சல் தெரியாமல் கற்க முடியுமா?

பயிற்றுநர் கையைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை பார்த்துவர முடியும். சான்றிதழ் வேண்டுமென்றால் 200 மீட்டர் நீந்தவும், 10 நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும்.

நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு சகோதரி: ஒருமுறை பார்த்துவிட்டால் போதாதா? திரும்பத் திரும்ப இறங்கும்படி உங்களை இழுப்பது என்ன?

நீங்கள் நினைப்பது போல வண்ணங்கள் அல்ல. சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மங்கிவிடுகிறது. விழிஞ்ஞம் பக்கத்துப் பாறைகள் விளக்கு அடிக்காதவரை சாம்பலும் பச்சையுமாகத்தான் தெரிகின்றன. என்னை இழுப்பது இரண்டு. முதலாவது, மூச்சே சுக்கான் ஆகிவிடுவது. எடை சரியாக அமைந்தபின் மூச்சை ஆழமாக இழுத்தால் உடல் மெல்ல எழுகிறது, விட்டால் மெல்லத் தாழ்கிறது. கை கால்களுக்கு வேலையே இல்லை. பதறுகிறவர் காற்றை விரைவில் தீர்த்துவிடுவார், நிதானமானவருக்கு அதே சிலிண்டர் நெடுநேரம் வரும். நிதானத்துக்கு உடனடியாகக் கூலி கிடைக்கும் இடம் கரையில் எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

இரண்டாவது, காத்திருப்பவருக்கு மட்டும் தெரிபவை. நாம் இறங்கியதும் எல்லாம் ஒளிந்துகொள்கின்றன. ஒரே இடத்தில் அசையாமல் இருந்தால், சற்று நேரத்தில் பொந்திலிருந்து பாம்பு போன்ற அஞ்சாலை மீன் தலையை நீட்டும், சிங்கி இறாலின் மீசைகள் வெளியே வரும், கணவாய் நம்மை ஒரு பாறையாக ஏற்றுக்கொண்டு தன் தோலின் நிறத்தை மாற்றிக்கொண்டே கடந்து செல்லும். ஒரே மூச்சில் இறங்கி ஏறுபவருக்கு இந்தக் காத்திருப்பு வாய்க்காது. அதனால்தான் 40 மீட்டர் போனேன் என்று பெருமை பேசுகிறவர்களை நான் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. ஆழம் கூடக் கூடக் காற்றும் விரைவாகத் தீர்கிறது, பார்க்கக் கிடைக்கும் நேரமும் குறைகிறது.

திருவனந்தபுரம் சாலையில் கடை வைத்திருப்பவர்: எந்த மாதம் நல்லது? காலையில் கோவளத்தில் இறங்கிவிட்டு, மாலையில் குடும்பத்தோடு பொன்முடி போகலாம் என்று நினைக்கிறோம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக் கடல் இறங்க விடாது. நவம்பர் தொடங்கி மார்ச் வரையிலான மாதங்களை வைத்துக்கொள்ளுங்கள். பொன்முடி யோசனையைத்தான் மாற்ற வேண்டும். அது ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம். மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறைவதால், உடலில் மீந்திருக்கும் நைட்ரஜன் அங்கே குமிழியாக வாய்ப்பு உண்டு. ஒருமுறை இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை இறங்கியிருந்தால் 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்ற விதி இந்த மலைக்கும் பொருந்தும். ஆகவே முதல் நாள் பொன்முடி, மறுநாள் கோவளம் என்று திட்டத்தை மாற்றி வையுங்கள். சிறு பிள்ளைகளுக்குச் சளி இருந்தால் அவர்களைக் கரையிலேயே விளையாட விடுங்கள், அடைத்த காதோடு இறங்கினால் செவிப்பறை தாங்காது.