அந்த ‘ஆனால்’

அன்புள்ள ஐயா,
நண்பன் சொல்லி, மோரி கவோருவின் ‘ஒத்தோயோமெகதாரி’ என்ற மாங்காவில், அதாவது ஜப்பானியப் படக்கதையில், இரண்டு தொகுதிகளைப் போனில் படித்தேன். கதை நகரவே இல்லை, ஆனால் ஓவியங்கள் அபாரம். இதையெல்லாம் கையாலா வரைகிறார்? ஓவியத்துக்காக மட்டும் ஒரு மாங்காவை ரசிக்கலாமா? மாங்கா இலக்கியம் ஆகுமா?
கே.

அன்புள்ள கே.,
கையால்தான், பேனாவும் மையும். 2008இல் தொடங்கிய தொடர், 2014இல் மாங்கா தைஷோ விருது வாங்கியது. இலக்கியமா இல்லையா என்பது கிடக்கட்டும். ரசிப்பதற்கு என்னிடம் எதற்கு அனுமதி?

போன வாரம்தான் இரண்டாம் தொகுதியை மறுபடி எடுத்து வைத்திருந்தேன். அதனால் உங்கள் ‘ஆனால்’ கொஞ்சம் அதிகமாகவே உறுத்தியது. கதை தனி, படம் தனியா?

19ஆம் நூற்றாண்டு மத்திய ஆசியா. 12 வயது கார்லுக்குக்கு மனைவியாக 20 வயது அமீர் வருகிறாள். அந்த வீட்டுச் சிறுமி திலேக்கேவுக்குப் பருந்துப் பைத்தியம். துணியிலும் பருந்தையே தைக்கிறாள். பாட்டி பழைய துணிகளை விரித்து, எது யார் தைத்தது என்று சொல்லிக் காட்டுகிறாள். நடப்பது அவ்வளவுதான். இறந்துபோன பெண்கள் அந்தப் பக்கங்களில் பூவேலையாக மட்டுமே இருக்கிறார்கள். நாலு கோடு இழுத்துத் ‘துணி’ என்று காட்டியிருந்தால் அவர்களே இல்லை. அதை உள்ளங்கை அகலத் திரையில் தள்ளிவிட்டுக் கதை நகரவில்லை என்கிறீர்கள். நகர்ந்தது உங்கள் கட்டைவிரல், தம்பி.

உஸ்பெக் பெண்களின் சுசானி என்ற சீதனத் துணியைப் பார்த்திருக்கிறீர்களா? துணி முழுக்கப் பூ வரைந்து, பட்டைகளாகப் பிரித்து, வீட்டுப் பெண்கள் ஆளுக்கொன்றாகத் தைப்பார்கள். கடைசியில் சேர்க்கும்போது பாதிப் பூ கொஞ்சம் தள்ளி நிற்கும், ஒரே இலையில் இரண்டு பச்சை இருக்கும். ஒருத்தியின் கை எங்கே முடிந்தது, அடுத்தவள் கை எங்கே தொடங்கியது என்று விரலால் தடவிப் பார்க்கலாம்.

என் அம்மா தைத்த தலையணை உறை ஒன்று என்னிடம் இருக்கிறது. ரோஜாவின் நான்கு இதழ்கள் சிவப்பு, ஐந்தாவது ஆரஞ்சு. நூல் தீர்ந்துபோய்க் கடைக்கு அனுப்பினாள். நான் காசோடு விளையாடப் போய்விட்டேன். திட்டவில்லை. இருந்த நூலில் தைத்து முடித்துவிட்டாள். துவைத்துத் துவைத்துச் சிவப்பெல்லாம் வெளுத்துவிட்டது. அந்த ஆரஞ்சு மட்டும் அப்படியே இருக்கிறது.

சரி, இரண்டாம் தொகுதியை அச்சில் தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லையென்றால் எழுதுங்கள், என்னுடையதை அனுப்புகிறேன். திருப்பித் தர வேண்டும்.