கிட்டார் கம்பியைத் தொட்டதும் ஈஎம்ஜியில் இரைச்சல்

கிட்டார் வாசிக்கும்போது முன்கைத் தசைகளின் மின் சிக்னலை (ஈஎம்ஜி) சென்சார் போர்டு வழியாக லேப்டாப்பில் பதிவு செய்யும் உங்கள் புராஜெக்டில், முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். கம்பியைத் தொட்டதும் முன்கை ஈஎம்ஜி மெயின்ஸ் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலில் மூழ்குகிறது என்றால், கோளாறு பெரும்பாலும் உங்கள் புரோகிராமில் இல்லை, எர்த்தில்தான்.

எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு சேர்ந்தவை. தொட்ட கணமே உங்கள் உடம்பும் அதோடு சேர்கிறது. சென்சார் போர்டோ சார்ஜர் வழியாக வேறொரு எர்த்தைப் பிடித்திருக்கிறது. இரண்டுக்கும் இடையே ஓடும் மின்னோட்டத்தைத்தான் திரையில் பார்க்கிறீர்கள்.

சார்ஜர் இல்லாமலும் இரைச்சல் நீடித்தால்:

1. ரெஃபரன்ஸ் எலெக்ட்ரோடை (மற்றவற்றை ஒப்பிட உதவும் மின்முனை) முழங்கை எலும்பின் மேல் ஒட்டுங்கள்.
2. தோலை ஆல்கஹாலால் துடைத்து, புது ஜெல் எலெக்ட்ரோடுகளை 20 மில்லிமீட்டர் இடைவெளியில் வையுங்கள்.

நாட்ச் ஃபில்டர் (50 ஹெர்ட்ஸைச் சுற்றி மட்டும் வெட்டும் வடிகட்டி) கடைசி வழி. தசை சிக்னலின் வலு பெரிதும் 50 முதல் 150 ஹெர்ட்ஸுக்குள்தான். அதில் 50 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியையும் நாட்ச் சேர்த்து வெட்டிவிடும். 20–450 ஹெர்ட்ஸ் பேண்ட்பாஸ் (அந்த வரம்பை மட்டும் விடும் ஃபில்டர்), நொடிக்குக் குறைந்தது 1000 சாம்பிள் போதும்.

ஒன்றில் மட்டும் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள்: கையில் எலெக்ட்ரோடு ஒட்டியிருக்கும்போது, மெயின்ஸில் செருகிய போர்டை ஐசொலேஷன் (மெயின்ஸோடு நேரடி மின்தொடர்பு இல்லாதபடி பிரிப்பது) இல்லாமல் பயன்படுத்தக் கூடாது. ஆம்ப்ளிஃபயரில் கசிவு இருந்தால் மின்சாரம் உங்கள் வழியாகப் பாயும். பேட்டரியும் புளூடூத்தும் பாதுகாப்பு. மருத்துவக் கருவி வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இந்தப் புராஜெக்டில் முதலில் எழுத வேண்டியதும் இந்த ஐசொலேஷன் முடிவைத்தான். மருத்துவ மின்கருவிகளுக்கான பாதுகாப்புத் தரமான ஐஇசி 60601-1 கேட்பதும் இதே சிந்தனையை.